கணக்கேடு நம் கையில்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

      

இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் ஆற்றிவரும் பணியை இவ்விழாவில் பலரும் எடுத்துரைத்தனர். மாலைநேர வகுப்புகள், உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பித் தருதல், போட்டித் தேர்வுப் பயிற்சி எனக் கழகம் செய்தவை யாவும் ஒரே நோக்கம் உடையவை. நம் பிள்ளைகள் படிக்க வேண்டும். படித்தபின் மதிப்பான பணியில் அமர வேண்டும் என்பதே அந்நோக்கம். ஒரு வீட்டில் ஒருவர் அரசுப் பணியில் அமர்ந்தால், அவ்வீடு மட்டுமன்றி அத்தெருவே தலைநிமிர்ந்ததை நாம் கண்டோம். அப்பணியை இனியும் விடாது தொடர்வோம்.

ஆயினும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. அரசுப் பணியிடங்கள் எண்ணி வைத்தவை. படித்து வெளிவரும் நம் இளைஞர்களோ ஆண்டுதோறும் பெருகுகின்றனர். தனியார் நிறுவனங்களில் இடஒதுக்கீடு இல்லை. இந்நிலையில், வேலை தேடுவோருள் சிலரேனும் வேலை தருவோராக மாறியாக வேண்டும். ஆதலால், சிறுதொழில் ஒன்றைத் தொடங்குவதற்கும், தொடங்கியதை மூழ்காமல் நடத்துவதற்கும் வேண்டிய அடிப்படைகளைப் பற்றிச் சிலவற்றை இன்று சிந்திப்போம்.

பிறப்பில் வருவதன்று

"வணிகம் நமக்கு வராது, அது சிலருடைய இரத்தத்தில் ஓடுவது" என்று பிறர் சொல்வதுண்டு. நம்மவருள்ளும் சிலர் அதை நம்பிவிட்டனர். இந்த எண்ணத்தை முதலில் களைதல் வேண்டும். வணிகர் வீட்டுப் பிள்ளை பத்து வயதிலேயே கல்லாப்பெட்டிக்கு அருகில் அமர்கிறது. சரக்கு எவ்விடத்தில் மலிவு, எவருக்குக் கடன் தரலாம், எவருக்குத் தரலாகாது என்பதைக் கேட்டுக் கேட்டே வளர்கிறது. அது பிறப்பன்று, பயிற்சி. முதல் முயற்சியில் தோற்றால் தாங்கிப் பிடிக்க மாமனும் சித்தப்பனும் இருக்கின்றனர். அது இரத்தமன்று, முதல். பயிற்சியைப் பெறலாம், முதலைத் திரட்டலாம். இரண்டும் மனிதர் முயற்சிக்கு உட்பட்டவையே.

வணிகக் கணக்கெழுதும் முறையை முதன்முதலாக அச்சு நூலில் விளக்கியவர் வணிகர் அல்லர். இத்தாலியைச் சேர்ந்த லூக்கா பசியோலி என்னும் துறவி, தம் கணித நூலின் ஒரு பகுதியாக 1494-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அதை வெளியிட்டார். துறவி ஒருவர் எழுதிக் கற்பிக்கக்கூடிய கலையை நம் பிள்ளைகள் கற்க முடியாதா?

நமக்கு மறுக்கப்பட்டது எது என்பதை எண்ணிப் பாருங்கள். உழைப்பு மறுக்கப்படவில்லை, வேண்டிய மட்டும் வாங்கப்பட்டது. கணக்கேடுதான் மறுக்கப்பட்டது. பண்ணையில் உழைத்த நம் முன்னோர் திருமணத்திற்கோ நோய்க்கோ சிறு தொகை பெற்றனர். பெற்றது எவ்வளவு, உழைப்பால் கழிந்தது எவ்வளவு என்பது ஏட்டை எழுதியவருக்கு மட்டுமே தெரியும். தந்தை வைத்த கைநாட்டுக்கு மகன் உழைத்தான். மகன் கடனுக்குப் பேரனும் உழைத்தான். 1975-ஆம் ஆண்டு அக்டோபரில் அவசரச் சட்டமும், அடுத்து 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் வந்த பின்னரே அக்கடன்கள் செல்லா என்று சட்டம் சொல்லிற்று.

நிலத்தின் கதையும் இதுவே. செங்கற்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் அளித்த அறிக்கையின் விளைவாக, 1892-ஆம் ஆண்டு அரசாணையின்படி நம் மக்களுக்குப் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. பிறர் வாங்கலாகாது என்னும் கட்டுப்பாடு இருந்தும் அந்நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. படிக்கத் தெரியாத பத்திரமும், பார்க்கக் கிடைக்காத கணக்கும் அவ்விழப்பிற்கு வழி செய்தன. ஆதலின், சிறுதொழிலின் முதற்பாடம் எதுவென்று கேட்டால் நாம் தயங்காது கூறும் விடை இது: நம் கணக்கை நாமே எழுதுதல்.

முன்னோர் காட்டிய வழி

இவ்வழி நமக்குப் புதிதன்று. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் பொதுவாழ்விற்கு வருமுன் நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றியவர். பின்னர்ச் சென்னைக்கு வந்து 1893-ஆம் ஆண்டில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் அவர்கள் 1907-ஆம் ஆண்டில், விலையைப் பெயரிலேயே தாங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். இதழ் நடத்துவதென்றால் எழுதுவது மட்டுமன்று. காகிதம் வாங்க வேண்டும். அச்சுக் கோப்போருக்குக் கூலி தர வேண்டும். சந்தா பிரிக்க வேண்டும். வரவு செலவு சரிக்கட்டாமல் எந்த இதழும் ஆண்டுக்கணக்கில் நடவாது. இவர்களைச் சிந்தனையாளர்களாகப் போற்றும் நாம், தொழில் நடத்தியவர்களாகவும் அறிந்துகொள்ளல் வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் வாழ்விலிருந்து ஒரு செய்தியையும் கூறியாக வேண்டும். பொருளாதாரத்தில் உயர்கல்வி பெற்று 1917-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய அவர், மும்பையில் முதலீடு பற்றி அறிவுரை கூறும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அறிவில் குறையில்லை, உழைப்பில் குறையில்லை. அவர் பிறந்த சாதியை அறிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினர், நிறுவனம் நின்றது. இச்செய்தியை நம்மைச் சோர்வடையச் செய்வதற்காகக் கூறவில்லை. சந்தை என்பது அனைவர்க்கும் சமமான களம் என்று மயங்கி இறங்கலாகாது என்பதற்காகவே கூறுகிறோம். கடை வாடகைக்குக் கேட்கும்போதும், மொத்த வணிகரிடம் கடனுக்குச் சரக்குக் கேட்கும்போதும், உணவகம் திறக்கும்போதும் சாதி இன்றும் குறுக்கே நிற்பதுண்டு. எதிர்க்காற்றில் படகு செலுத்துவோன் துடுப்பை இன்னும் இறுகப் பிடிக்க வேண்டும். கணக்கே நம் துடுப்பு.

விலையும் அடக்கமும்

இனி ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் இயங்கி வருகிறது. தோலைத் தொட்டவர்க்குக் கூலியும் இழிபெயரும், தோலை விற்றவர்க்கு இலாபமும் மதிப்பும் சென்ற தொழில் இது. நமக்கு விதிக்கப்பட்ட தொழில் என்பதற்காக இதை எடுக்கவில்லை. உழைத்தவர் ஒருவர், கணக்கெழுதியவர் வேறொருவர் என்னும் நிலை இதில் தெளிவாகத் தெரிவதனாலேயே எடுக்கிறோம். கணினிப் பணியாயினும், சரக்கு வண்டியாயினும், சமையல் ஒப்பந்தமாயினும் கணக்கு ஒன்றே.

இளைஞர் ஒருவர் செருப்புத் தைக்கும் பட்டறை வைக்கிறார் என்று கொள்வோம். ஒரு சோடிக்குத் தோல், அடிப்பகுதி, பசை, நூல் ஆகியவற்றிற்கு 220 ரூபாய். தைப்பவர் கூலி 60 ரூபாய். பெட்டிக்கும் வண்டிக்கும் 20 ரூபாய். ஆக 300 ரூபாய். கடைக்காரருக்கு 400 ரூபாய்க்குத் தருகிறார். "சோடிக்கு 100 ரூபாய் இலாபம்" என்று அவர் மகிழ்வாரானால், அங்கேயே பிழை தொடங்குகிறது.

அந்த 100 ரூபாய் இன்னும் இலாபம் ஆகவில்லை. செருப்பு விற்றாலும் விற்காவிட்டாலும் மாதந்தோறும் நிற்கும் செலவுகள் உள்ளன. பட்டறை வாடகை 4,000 ரூபாய், மின்கட்டணம் 1,000 ரூபாய் என்க. தம் உழைப்பிற்கான ஊதியமாக 15,000 ரூபாயையும் அவர் எழுத வேண்டும். நம்மவர் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். பிறரிடம் கூலியின்றி உழைத்த காலம் போய், நம்மிடமே நாம் கூலியின்றி உழைப்பது அறிவுடைமை ஆகாது. ஆக, நிலையான செலவு 20,000 ரூபாய். சோடிக்கு 100 ரூபாய் வீதம் 200 சோடி விற்றால்தான் இச்செலவு அடையும். இருநூற்று ஒன்றாவது சோடியிலிருந்தே இலாபம் தொடங்குகிறது.

இப்போது கடைக்காரர், "பிறர் மலிவாகத் தருகின்றனர், 350 ரூபாய்க்குக் கொடு" என்கிறார் என்று கொள்வோம். ஐம்பது ரூபாய்தானே, விட்டுக் கொடுக்கலாம் என்று தோன்றும். அவ்வாறு கொடுத்தால் சோடிக்கு நிற்பது 50 ரூபாயே. இருபதாயிரம் ரூபாயை அடைக்க 400 சோடி விற்க வேண்டும். விலையில் எட்டில் ஒரு பங்கைக் குறைத்ததற்கு விற்பனை இருமடங்காக வேண்டியுள்ளது! ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். விலை குறைக்கவே கூடாது என்பதன்று; குறைப்பதன் விலை இன்னதென்று தெரிந்து குறைக்க வேண்டும்.

கையிருப்பும் கடனும்

இரண்டாவது பாடம், இலாபம் வேறு, கையிருப்பு வேறு என்பது. மேற்சொன்ன பட்டறையில் மாதம் 200 சோடி செய்யப் பொருளுக்கும் கூலிக்கும் 60,000 ரூபாயும், நிலையான செலவுக்கு 20,000 ரூபாயும் ஆக 80,000 ரூபாய் வேண்டும். தோல் கொடுப்பவர் ரொக்கம் கேட்பார். கடைக்காரரோ ஒன்றரை மாதம் கழித்துப் பணம் தருவார். அப்படியாயின் முதல் ரூபாய் வந்து சேருமுன் 1,20,000 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கும். ஏட்டில் நட்டமில்லாதிருந்தும் கையில் பணமின்றித் தொழில்கள் மூடப்படுவது இவ்வாறே. ஆகவே இயந்திரம் வாங்கும் பணத்தை மட்டும் முதல் என்று எண்ணாது, வரவு வரும்வரை தாங்கும் நடைமுறை முதலையும் சேர்த்தே திட்டமிடுக.

இவ்விடைவெளியில்தான் தண்டல்காரர் வந்து நிற்கிறார். 8,500 ரூபாய் கொடுத்து, நாள்தோறும் 100 ரூபாய் வீதம் நூறு நாளில் 10,000 ரூபாய் வாங்கும் தண்டலைப் பாருங்கள். 8,500-க்கு 1,500 தானே என்று தோன்றும். நாள்தோறும் முதலும் கழிந்து வருவதால், நூறு நாளும் சராசரியாக நம் கையில் நிற்பது ஏறத்தாழப் பாதித் தொகையே. அதற்கு நூறு நாளில் 1,500 ரூபாய் என்றால், வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு நூறைத் தாண்டிவிடும். அவ்வளவு இலாபம் தரும் தொழில் எங்கே உண்டு? கந்துவட்டியைத் தடுக்க 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், கணக்குத் தெரிந்த கடனாளியே சட்டத்தைப் பயன்படுத்த இயலும்.

மூன்றாவது பாடம், தொழிற்பணமும் வீட்டுப்பணமும் ஒரே பையில் இருக்கலாகாது. வங்கியில் தொழிலுக்கெனத் தனிக் கணக்கு வேண்டும். மாதம் ஒருநாள் ஊதியம் என்று எடுத்து வீட்டிற்குக் கொடுங்கள். இடையில் கல்லாவில் கைவைக்காதீர்கள். திருவிழா வந்தது, உறவினர் வந்தனர் என்று எடுக்கும் பணம் அடுத்த வாரத் தோலுக்குரியது. தவிர்க்க முடியாது எடுத்தால், எடுத்ததை எழுதுங்கள். எழுதிய செலவு மறுமுறை தயங்க வைக்கும். எழுதாத செலவு மறந்துபோகும்.

நான்காவது பாடம், எதையும் எழுத்தில் வைத்தல். நண்பர் இருவர் கூட்டாகத் தொடங்கும்போது, யார் எவ்வளவு முதல் போட்டனர், இலாபம் எவ்வாறு பிரிப்பது, பிரிய நேர்ந்தால் என்ன செய்வது என்பதை முதல் நாளிலேயே எழுதிக் கையொப்பமிடுங்கள். எழுதினால் நட்புக் குறையாது. எழுதாததனால்தான் நட்பு முறிகிறது. 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் தனக்கு வரவேண்டிய பணத்திற்காக வழக்குத் தொடுப்பதிலும் தடை உண்டு. சரக்குக் கொடுத்தால் பட்டியலும், பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் தவறாமல் பெறுக.

சட்டமும் திட்டமும்

சட்டம் நமக்கு அளித்துள்ள வழிகளையும் அறிந்திருத்தல் வேண்டும். 2020 சூலை முதல் நுண், சிறு தொழில்களுக்கு 'உத்யம்' என்னும் பதிவு உண்டு. இதற்குக் கட்டணமில்லை, இடைத்தரகர் கேட்டால் கொடுக்காதீர்கள். இவ்வாறு பதிந்த நுண், சிறு தொழிலாளர் தாம் செய்து தந்த சரக்கிற்கு, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வாங்கியவர் அதிகமாய்ப் போனால் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் வட்டியுடன் பெற, அதற்கென அமைந்த மன்றத்தில் முறையிடலாம். ஆயின் பட்டியலும் கையொப்பமும் இல்லாதவர் எதைக் கொண்டு முறையிடுவர்? பொருள் விற்போரின் ஆண்டு விற்பனை 40 இலட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், வெளிமாநிலத்திற்குப் பொருள் அனுப்புவோர்க்குப் பொதுவாக இவ்வரம்பு பொருந்தாது.

1974-இல் நிறுவப்பட்ட தாட்கோவும், மாவட்டந்தோறும் உள்ள மாவட்டத் தொழில் மையமும் நாம் நாடிச் செல்லவேண்டிய இடங்கள். தமிழ்நாடு அரசு 2023-இல் அறிவித்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், நம் தொழில்முனைவோர்க்கு முதலீட்டில் நூற்றுக்கு 35 பங்கு மானியமும், நூற்றுக்கு 6 வட்டி மானியமும் வகுத்தது. மத்திய அரசின் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் நூற்றுக்கு 25 பங்கை நுண், சிறு தொழில்களிடமிருந்து வாங்க வேண்டும். அதனுள் 4 பங்கு பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் நடத்தும் தொழில்களுக்கு உரியது. 2012-ஆம் ஆண்டு ஆணையும் 2018-ஆம் ஆண்டுத் திருத்தமும் வகுத்த இப்பங்கு நிரம்பாமலே ஆண்டுகள் பல கழிந்தன. நம் சரக்கும் நம் பதிவும் ஆயத்தமாக இருந்தால்தான் அப்பங்கைக் கேட்கும் குரலுக்கு வலிமை உண்டாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மானியத்திற்காகத் தொழில் தொடங்காதீர்கள். தொழிலுக்காக மானியம் பெறுங்கள். மானியம் வருவாய் அன்று. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் போன்றவற்றில் மானியத் தொகை மூன்றாண்டுகள் வங்கியிலேயே வைப்பாக நிற்கும். தொழில் நடந்தால்தான் அது நம்மைச் சேரும். மானியம் கழித்துப் பார்த்தும் நிற்கக்கூடிய தொழிலா என்று மேற்சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தபின் வங்கிக்குச் செல்லுங்கள். மேலாளர் முன் தயங்கி நிற்பவருக்கும், தம் அடக்கவிலையை மனப்பாடமாகச் சொல்பவருக்கும் கிடைக்கும் மதிப்பு வேறு. கடன் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

நம்மவர் இத்துறையில் எழ முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. மிலிந்த் காம்ப்ளே அவர்கள் 2005-இல் புனேயில் தலித் இந்தியத் தொழில் வணிகச் சபையை நிறுவினார். நலிந்து கிடந்த கமானி டியூப்ஸ் நிறுவனத்தை ஏற்று நிமிர்த்திய கல்பனா சரோஜ் அம்மையார் 2013-இல் பத்மசிறீ விருது பெற்றார். தொலைவில் தேடவும் வேண்டா. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களில், நம் தாய்மார்கள் வாரந்தோறும் சேமிப்பையும் கடனையும் தவணையையும் ஏட்டில் எழுதி வருகின்றனர். இளைஞர்களே! கணக்கெழுதக் கற்றுத் தருவோர் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும்.

கழகத்திற்கு ஒரு வேண்டுகோள்

வெள்ளி விழாக் காணும் இக்கழகத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். போட்டித் தேர்வு வகுப்பு நடக்கும் இதே கூடத்தில், வாரம் ஒரு மாலை கணக்கு வகுப்பும் நடைபெறட்டும். நாட்குறிப்பேடு எழுதுதல், பேரேடு பிரித்தல், அடக்கவிலை காணுதல், திட்ட அறிக்கை ஆயத்தம் செய்தல் ஆகிய நான்கையும் அங்குக் கற்பிப்போம். நம்முள் வங்கியிலும் கருவூலத்திலும் வணிகவரித் துறையிலும் பணியாற்றி ஓய்வு பெற்றோர் உள்ளனர். கழகம் ஏற்றிவிட்ட ஏணியில் ஏறியவர்கள் அவர்கள். வாரம் ஒரு மாலையை அவர்கள் தரட்டும். அரசுப் பணிக்குச் சென்றவரின் அறிவு, தொழில் தொடங்குபவரின் முதலாக மாறட்டும். தொழில் தொடங்கிய ஒவ்வொருவரும் ஆண்டிற்கு ஒருமுறை தம் வரவு செலவை இக்கூடத்தில் விளக்கட்டும். வென்றவரிடம் வழி கற்போம். தளர்ந்தவரை ஏளனம் செய்யாது, எவ்விடத்தில் கணக்குப் பிசகிற்று என்று உடனிருந்து பார்ப்போம். தாங்கிப் பிடிக்கும் மாமனும் சித்தப்பனும் இல்லாத பிள்ளைக்குக் கழகமே அவ்வுறவாக இருக்கட்டும்.

இளைஞர்களே! தொழில் தொடங்க நாள் பார்க்கலாம். கணக்கெழுத நாள் பார்க்க வேண்டா. இன்னும் தொழில் தொடங்காதவரும் நாளைக் காலையில் ஓர் ஏடு வாங்கி, தம் கைச்செலவை மூன்று மாதம் எழுதிப் பாருங்கள். தம் பையில் உள்ள நூறு ரூபாய் எங்கே போயிற்று என்று சொல்லத் தெரிந்தவரிடம்தான் பிறர் இலட்சத்தை நம்பிக் கொடுப்பர். பிறர் எழுதிய கணக்கில் கைநாட்டு வைத்த கை நம் பாட்டன் கை. நம் கணக்கை நாமே எழுதி, சரிபார்த்து, அதன்கீழ் நாமே கையொப்பமிடும் கை நம் கையாக இருக்கட்டும்.

கழகம் வாழ்க! அதன் பணி வளர்க!